வீட்டில் எழுதினால் பிழையில்லை

ஜெர்மன் மொழி முதலில் எனக்கு இயந்திர எண்ணெய் வாசனையாகத்தான் அறிமுகமானது. பாதுகாப்புத் துறைத் தொழிற்கூடத்தில் வேலை பார்த்த அப்பா, அங்கே ஜெர்மன் இயந்திரங்களுக்கு நடுவே கிடந்த பழைய அகராதியொன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். திறந்தால் சொல்லுக்கு முன்னால் வாசம் வரும். போலாரத்தில் எங்கள் பள்ளியில் மூன்றாம் மொழியாக ஜெர்மனை நான் எடுத்ததற்கு அந்த அகராதிதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம், பக்கத்து பெஞ்சு இம்தியாஸும் அதை எடுத்திருந்தான், அவன் டப்பாவில் வெள்ளிதோறும் "டபுள் கா மீட்டா" என்ற ரொட்டி இனிப்பு வரும் என்பதுதான்.

ஒருநாள் ஜெர்மன் வகுப்பில் சகுந்தலா மிஸ், ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும், இன்னும் சில குட்டிப் பிரதேசங்களும் சேர்ந்து மன்றம் ஒன்று வைத்து எழுத்து விதிகளைப் பேசி முடிவெடுக்கும் கதையைச் சொன்னார். மற்றவர்கள் எழுதும் ஓர் எழுத்தை சுவிஸ்காரர்கள் தொடுவதே இல்லையாம், அதற்காக யாரும் சண்டைக்குப் போவதில்லையாம். கடைசியாக, அந்த விதிகள் கட்டுப்படுத்துவது பள்ளிகளையும் அரசு அலுவலகங்களையும்தான், வீட்டில் யார் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் என்றார். முக்கால் மணி நேரப் பாடத்தில் என் காதில் ஏறியது இந்தக் கடைசி வாக்கியம் மட்டுமே.

அந்த வாரம் வீட்டுப்பாடத்தைப் பாதி பழைய அகராதியையும் பாதி என் கற்பனையையும் நம்பி எழுதி, எழுத்துப் பிழைகளால் இருபத்தைந்துக்கு ஏழு வாங்கினேன். வீட்டுப்பாட மதிப்பெண்ணும் தேர்ச்சியில் சேரும். தேறாதவர்களை சம்ஸ்கிருத வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள். சம்ஸ்கிருதத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் அங்கே இம்தியாஸ் இல்லை.

அன்று மாலை அப்பாவிடம் வழக்கை வைத்தேன். விதி செல்லுபடியாவது பள்ளியில், நான் எழுதியது வீட்டில், ஆகவே பிழையே நடக்கவில்லை. திட்டு விழும் என்று தயாராக நின்றவனை ஆபீஸ் சர்க்குலர்களில் ஊறிய அப்பா ஆசையாகப் பார்த்தார்.

"டேய், இது பாயிண்ட்டுடா."

"ஏழு மார்க் வாங்கினவனுக்கு வக்கீல் வேறயா?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள்.

அப்பா "மேற்படி விஷயமாக" பாணியில் ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மிஸ் இரண்டு முறை படித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, அதன் பின்புறத்திலேயே பதில் எழுதித் தந்தார். தங்கள் வாதம் சரி. எழுத்துப் பிழைக்காகக் குறைத்த மதிப்பெண்கள் திருப்பித் தரப்படுகின்றன. இனி இவன் வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே செய்வான்.

இப்படியாக, வென்ற வழக்குக்குத் தண்டனை அனுபவித்த ஒரே ஆள் ஆனேன். தினமும் மணி அடித்த பிறகு மிஸ் மேஜைக்கு எதிரே ஒரு மணி நேரம். முதல் நாள், வேன் போய்விடும், நீ கிளம்பு என்று இம்தியாஸிடம் சொன்னேன். "நக்கோ ரே" என்று வேண்டாமென்பதை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். எங்களை அழைத்துப்போகும் பொறுப்பு வக்கீலின் தலையில் விழுந்தது. அப்பாவின் ஸ்கூட்டரில் மூன்று பேராக, ராணுவக் குடியிருப்புச் சாலையில் ஜெர்மன் வார்த்தைகளைக் கத்திக்கொண்டே போவோம். அப்பா கத்தியதுதான் அதிகம். ஆண்டு முடிவில் மயிரிழையில் தேறினேன்.

அந்த ஸ்கூட்டர் இப்போது இல்லை, பள்ளியில் ஜெர்மனும் இல்லை, அகராதியைக் கரையான் வாசனையோடு சேர்த்துத் தின்றுவிட்டது. கொண்டாப்பூர் வீட்டில் உட்கார்ந்தபடியே ஜெர்மன் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். கணினி என் பிழைகளுக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டே இருக்கிறது. இது ஆபீஸா, வீடா, எந்தச் சட்டம் செல்லும் என்று வியன்னாவில் இருக்கும் இம்தியாஸுக்குப் போன வாரம் ஜெர்மனில் எழுதிக் கேட்டேன். ஒரு வரியில் பதில் வந்தது. அதில் நான்கு பிழை, நான்கும் என்னுடையவை. அந்த மேஜையில் என்னைப் பார்த்துக் காப்பியடித்தவை.