யாருக்காக இருந்தேன் அந்த இத்தாவை

நான் விதவையாகும் முன்பே என்னை இத்தாவில் இருத்திவிட்டார்கள். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வெளியே வராமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருப்பாளே, அந்த இத்தாவில். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. சகோதரிகளே, அந்த அறைக்குள் இருந்து நான் கேட்ட துஆவையும் அது கபூலாகி நிறைவேறிய விதத்தையும் உங்களுக்குச் சொல்லாமல் மூடி வைத்திருந்தால் நான் நன்றி கெட்டவள்.

என் கணவர் சாய்ந்தமருதில் கடல் தொழில் செய்தவர். நான் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். தொழிலுக்குப் போகாத நாளிலும் கடலைப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "கட்டினது என்னையா, கடலையா?" என்று ஏசுவேன். சிரிப்பார். கொண்டு வரும் மீனில் நல்லதை வீட்டுக்கென்று எடுத்து வைத்து, தானே வெட்டிக் கழுவித் தருவார். மகளுக்கு முள் எடுத்து ஊட்டுவதும் அவர்தான். அவருடைய இடது கை மோதிர விரலில் பாதி இல்லை. பெரிய பாரை மீன் ஒன்று இழுத்த இழுப்பில் தூண்டிலின் தங்கூசி நூல் சுற்றி அறுத்துக்கொண்டு போய்விட்டது. விரல் போனதற்குக் கவலைப்படவில்லை, மனிதன். மீன் தப்பியதற்குத்தான் கவலைப்பட்டார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு கச்சான் காற்று அடித்த மாதம் தனியே தோணியில் போனவர் திரும்பவில்லை. மூன்றாம் நாள் தோணி கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. எட்டாம் நாள் தெற்கே அட்டாளைச்சேனைப் பக்கம் ஒரு மையித்து ஒதுங்கியது. என் மூத்த சகோதரர், காக்கா, ஓடிப் போனார். முகம் பார்க்கக் கூடிய நிலையில் இல்லையாம். இடுப்பில் மச்சான் உடுத்திருந்த மாதிரியே பச்சைக் கோட்டுச் சாரன். அதை வைத்தே மச்சான்தான் என்று முடிவு செய்து, தாமதிக்க முடியாதென்று அங்கேயே குளிப்பாட்டி அடக்கிவிட்டு வந்து சொன்னார்.

"இடது கை விரலைப் பாத்தீங்களா காக்கா?" என்றேன்.

"அந்தக் கோலத்தில விரலையா பாக்கச் சொல்றாய் புள்ள?"

"பச்சைக் கோட்டுச் சாரன் இந்த ஊரில பாதிப் பேர்ட இடுப்பில கிடக்கு!"

உம்மா எனக்கு வெள்ளை உடுப்பைப் போட்டுவிட்டார். ஜன்னலுக்குப் பழைய சேலையைக் கட்டினார்கள். அன்றிலிருந்து அந்த நான்கு சுவர்தான்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவர் உயிரோடு இருந்தால் எங்கேயோ தேடுவார் இல்லாமல் கிடக்கிறார். தேடிப் போக எனக்கு வழியில்லை. போகக்கூடியவர்களோ அடக்கி முடித்துவிட்டார்கள். விசாரிக்க வந்த பெண்களிடம் எல்லாம் விரலைப் பற்றியே கதைத்தேன். எனக்கு வாய் நீளம், ஒத்துக்கொள்கிறேன். "கவலையில அறிவு கலங்கிட்டு" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். உம்மா அழுதழுது சொன்னார்: "அல்லாஹ்ட நாட்டத்தை ஒத்துக்கொள்ளு மகள். இப்படிக் கதைச்சா ஈமான் போயிரும்." அதுதான் என்னை அதிகம் பயப்படுத்தியது. நான் அல்லாஹ்வோடு சண்டை பிடிக்கிறேனா? மச்சான் உண்மையிலேயே போய்விட்டாரா? நாளாக ஆக எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது.

இத்தாவின் பதின்மூன்றாம் நாள் அஸர் தொழுதுவிட்டு முசல்லா விரிப்பிலேயே விழுந்து அழுதேன். அழகான அரபு துஆ எதுவும் வாயில் வரவில்லை. "யா அல்லாஹ், இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்க ஒருவரும் இல்லை. நீயாவது கேள். அவர் உன்னிடம் வந்துவிட்டார் என்றால் எனக்கு அதை உறுதியாகக் காட்டித் தா, நான் வாய் மூடி இருக்கிறேன். வரவில்லை என்றால் தேடிப் போக ஒரு ஆளை அனுப்பு." இவ்வளவுதான் கேட்டேன்.

அன்று மாலை மஃரிப் தொழுகைக்கு முன்னமே வாசலில் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. வந்தவர் அந்த மையித்தைக் குளிப்பாட்டிய பெரியவர். மறைப்புச் சேலைக்கு அப்பால் நின்று பேசினார்.

"தங்கச்சி, குளிப்பாட்டுறவன் கண்டதை வெளியில சொல்லப்படாது, அது அமானிதம். அதாலதான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தன். நீங்க விரலைப் பத்திக் கதைக்கிறது எங்கட ஊருக்கும் வந்திட்டு. நித்திரை இல்ல எனக்கு. மார்க்கம் படிச்ச ஆலிம்சாட்ட கேட்டன். மையித்துட மானத்தைத்தான் மறைக்கோணும், உயிரோட இருக்கிறவளுக்கு உதவுற சாட்சியை மறைச்சாப் பாவம் எண்டார். வுழுச் செய்விக்க அந்த மையித்துட ரெண்டு கையையும் விரல் விரலாக் கழுவினவன் நான். பத்து விரலும் முழுசா இருந்திச்சி, வல்லாஹி."

அடுத்த நாள் விடியக் காக்கா பஸ் ஏறினார். தெற்கே துறைமுகம் துறைமுகமாக விசாரித்து, நான்காம் நாள் மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்தார். எண்ணெய்க் கேனைப் பிடித்து மிதந்தவரைத் தென்கரைப் பெரிய வள்ளம் ஒன்று ஏற்றியிருக்கிறது. அவர்கள் தொழில் முடித்துக் கரைக்குப் போக நாளாகிவிட்டது. பிறகு காய்ச்சலோடு ஆஸ்பத்திரி. அடையாள அட்டை கடலில். சிங்களம் தெரியாது. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் அப்படி ஒரு மனிதன் தனியே பஸ் ஏறி எத்தனை சோதனைச் சாவடி தாண்டுவார்?

மெலிந்து கறுத்துப் போய் வாசலில் நின்றார். நான் முதலில் அவர் கையைப் பிடித்து விரலைத்தான் பார்த்தேன். பிறகுதான் அழுதேன். அவர் என் வெள்ளை உடுப்பைப் பார்த்துவிட்டு, "ஆருக்குப் புள்ள இத்தா இருக்காய்?" என்று பகிடியாகக் கேட்டார்.

"எனக்கும் தெரியா மச்சான்," என்றேன்.

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே அட்டாளைச்சேனையில் அடக்கிய கபுரில் கிடப்பது யார்?

ஒரு மாதத்தில் மச்சான் திரும்பவும் கடலுக்குப் போனார். நான் தடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு அட்டாளைச்சேனை மையவாடிக்குப் போய் அந்தப் பெயர் தெரியாத மனிதருக்கு ஸலாம் சொல்லி யாசீன் ஓதுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. கடலில் காணும் ஒவ்வொரு வள்ளத்தாரிடமும் கேட்பார்: "உங்கட பக்கம் ஆராவது திரும்பி வராம இருக்காங்களா?" மூன்று வருடம் கேட்டார். பதில் கிடைக்கவில்லை.

தொண்ணூற்றொன்பதில் ஒருநாள் காலை கரைக்கு வந்து தோணியை இழுத்து வைத்துவிட்டு, நெஞ்சு நோகுதென்று இருந்தவர் எழும்பவில்லை. இந்த முறை அவர் முகத்தைப் பார்த்தேன். கையைப் பிடித்திருந்தேன். இத்தாவில் என்னை யாரும் இருத்தவில்லை, நானே போய் இருந்தேன். மூன்று வருடம் கூடுதலாகத் தந்த ரப்பான அல்லாஹ்வை எண்ணி அழுதேன், புகழ்ந்தேன்.

சகோதரிகளே, கேளுங்கள். உடைந்த வார்த்தையில் கேட்டாலும் அவன் கேட்கிறான், நான் சாட்சி. இரண்டாவது இத்தாவில் எனக்கு நான்கு மாதம் பத்து நாளில் கதவு திறந்தது. ஆனால் எங்கோ ஒரு கரையில் ஒருத்தி இருக்கிறாள். அவளும் என்னைப் போலவே கேட்டிருப்பாள். அவள் கணவருக்கு நான் பதினேழு நாள் இத்தா இருந்தேன், அது அவளுக்குத் தெரியாது. அவள் தன் இத்தாவை இன்னும் தொடங்கவே இல்லை. நீங்கள் கையேந்தும்போது அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.