பானெட்டின் ஆறு செவுள்கள்

வாகனப் பதிவு அலுவலகத்தில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்குக் புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. லைசென்ஸ் புதுப்பிக்க எந்தப் படிவம் என்று பால் பூத்தில் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். நான் படிவத்தோடு விதியையும் உட்பிரிவையும் சேர்த்துச் சொல்வேன். அதனால் இரண்டாவது முறை யாரும் கேட்பதில்லை.

எதிர்வீட்டுக்காரர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து ஊர் திரும்பிய சொல்தா; முசியே என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய பென்ஷன் பிராங்கிலிருந்து யூரோவுக்கு மாறி ஓரிரு வருடங்கள் ஆகியிருந்தன. அவரிடம் ஒரு பழைய பிரெஞ்சு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இருவர் மட்டும் உட்காரக்கூடிய, கூரை இல்லாத வண்டி. வாலிபத்தில் அங்கே புதிதாக வாங்கி, திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்தது. பல வருடமாகத் தகரக் கொட்டகையில் கிடந்த அதை, தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று இருந்தபடியே ஆக்கிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த மாடலில் மிஞ்சியிருக்கும் வண்டிகளுக்கெல்லாம் பிரான்ஸில் ஒருவர் பேரேடு வைத்திருந்தார். அவர் 'அசல்' என்று எழுதித் தர வேண்டும்.

"விக்கறதுக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். எம் பொண்ணுங்க பழைய இரும்புன்னு சொல்லுதுங்க. நான் வாங்கினது நல்ல வண்டின்னு ஒருத்தன் எழுதித் தரட்டும். அப்புறம் செத்தாலும் பரவால்ல."

அப்படித்தான் நான் உள்ளே நுழைந்தேன். பேரேட்டுக்காரர் அனுப்பும் மின்னஞ்சல்களை பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து வந்து, முற்றத்தில் உட்கார்ந்து இருவரும் படிப்போம். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரைக்கும் எந்தப் பாகம் என்ற பட்டியல்கள் அவை. படிக்கப் படிக்க அதிர்ந்து போனேன். பின்விளக்கு ஓர் எண் வரைக்கும் வட்டம், பிறகு நீள்வட்டம். ஆனால் நடுவில் சில டஜன் வண்டிகளுக்கு எது கைக்கு வந்ததோ அது, ஏனென்றால் பழைய பெட்டி காலியாக வேண்டுமாம். கதவுக் கைப்பிடி மாறியதற்கு யாரும் உத்தரவே போடவில்லை. கைப்பிடி செய்து கொடுத்தவரின் அச்சு உடைந்துபோனதாம். ஒரு கோப்புக் குறிப்பு இல்லை, ஒப்புதல் இல்லை. எங்கள் அலுவலகத்தில் மேசை விளக்கை மாற்றுவதற்குக்கூட மூன்று கையெழுத்து வேண்டும். உலகம் முழுக்க ஓடிய கார்களை இவர்கள் இப்படியா செய்தார்கள் என்று எனக்கு இரண்டு நாள் மனசு ஆறவில்லை.

எல்லாம் சேஸிஸ் எண்ணைப் பொறுத்தது. பானெட்டுக்குள் எண் பொறித்திருந்த தகடு ஏதோ பட்டறையில் தொலைந்துவிட்டிருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எண்ணை வைத்துப் பார்த்தால் இவருடையது பிந்திய வண்டி. பிந்திய வண்டிகளுக்கு பானெட்டின் பக்கங்கள் மொழுக்கென்று இருக்கும். இவருடையதிலோ பக்கத்துக்கு மூன்றாக மீன் செவுள் போல ஆறு வெட்டுகள்.

"வாங்கும்போதே இருந்துச்சு சார்."

"முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்ம ஊரு வெயிலுக்கு எவனோ டிங்கர் வெட்டியிருப்பான். நீங்க மறந்துட்டீங்க."

"கார் வாங்கினவன் நானு. நானா மறப்பேன்?"

"ஆர்.சி. புக்கு மறக்காது முசியே."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அந்தப் புக்க எழுதினவரு இன்னா, ஆகாசத்துலருந்து எறங்கி வந்தாரா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று விட்டுக்கொடுத்தார். உழவர்கரையில் ஒரு டிங்கர் பட்டறையில் வேலை நடந்தது. "நல்லா கீறத எதுக்கு சார் அடைக்கச் சொல்றீங்க?" என்று டிங்கர் கேட்டார். அசல் அதுதான் என்றேன். வெட்டுகளின் மடிந்த விளிம்பை அறுத்தெடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, தேய்த்து, பட்டி பூசினார். அறுத்த துண்டுகள் மறுநாளே பழைய இரும்பு வண்டியில் போய்விட்டன.

பதினைந்து நாள் கழித்து டிங்கர் போன் செய்தார். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் தாரைச் சுரண்டியபோது ஓர் எண் தெரிந்ததாம். போய்க் குனிந்து பார்த்தேன். இரும்பில் ஆழமாக அடித்த எண், துருகூட ஏறவில்லை. கடைசி மூன்று இலக்கங்கள் ஆர்.சி.யில் இருப்பவை அல்ல. பட்டியலை மூன்று முறை பார்த்தேன். அந்த எண் முந்திய வண்டிகளுடையது. முந்திய வண்டிகளுக்கு பானெட்டில் ஆறு செவுள்.

எனக்கு முதலில் தோன்றியது, எதிர்வீட்டுக்காரர் எங்கோ சேஸிஸை மாற்றிவிட்டு என்னிடம் மறைக்கிறார் என்பதுதான். எண் பொருந்தாவிட்டால் சொந்தக்காரன் திருடன் என்பது முப்பது வருடப் பழக்கம். மறுநாள் காலையே பழைய அலுவலகத்துக்குப் போனேன். என் கீழே வேலை பார்த்தவர் இப்போது அங்கே கண்காணிப்பாளர். கோப்பைத் தேடி எடுத்துத் தந்தார்.

சேஸிஸ் எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் எழும்பும். பென்சில் பிரின்ட் என்போம். ஆய்வாளரே வண்டியிடம் போய் எடுக்க வேண்டும். கோப்பில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. ஆர்.சி.யில் உள்ள அதே எண். கீழே 'நேரில் பார்த்து எடுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து. என் கையெழுத்து.

அப்போதுதான் நினைவு வந்தது. ஒரே கப்பலில் இரண்டு சொல்தாக்கள் அதே மாடல் கார்கள் இரண்டைக் கொண்டுவந்து ஒரே நாளில் பதிவுக்கு நிறுத்தினார்கள். மற்றவர் கார் எப்போதோ உடைக்கப்பட்டுவிட்டது. அடுத்த பதிவு எண்ணின் கோப்பையும் கேட்டு வாங்கினேன். இருக்கைக்கு அடியில் நான் பார்த்த எண் அந்தக் கோப்பில் ஒட்டியிருந்தது. அதே தேதி, அதே கையெழுத்து.

அன்று மழை. பியூனிடம் தாளும் பென்சிலும் கொடுத்து அனுப்பினேன். அவர் நனைந்துகொண்டு வந்து இரண்டு தாள்களை மேசையில் வைத்தார். எது எந்த வண்டியுடையது என்று கேட்காமல் நான் ஒன்றை இதிலும் ஒன்றை அதிலும் ஒட்டினேன். கோப்பிலேயே இருந்த சுங்கத் தாளின் எண்ணோடு ஒப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஒப்பிட வேண்டும் என்பதும் விதிதான். அதே விதிக்காக எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நாடாவைக் கட்டாமலே கோப்புகளைத் திருப்பித் தந்தேன். கண்காணிப்பாளரே கட்டினார்.

"இதைத் திருத்த எந்த ஃபார்ம்?" என்று நான் கேட்டேன். நான் கேட்டேன்.

"ஓனர் தப்புக்கு ஒண்ணு இருக்கு சார். டைப்பிங் தப்புக்கு ஒண்ணு இருக்கு. ஆபீசர் தப்புக்கு இல்ல. நீங்க இருந்தப்பவே இல்ல" என்றவர், டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

எதிர்வீட்டில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கையெழுத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

"அப்ப செவுள் இருந்துச்சுதானே?"

"இருந்தது."

"நான் மறக்கல."

"இல்ல."

அவர் மனைவி காபியை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் தேவலாம் போல் இருந்தது.

பிரான்ஸிலிருந்து வந்த படங்களைப் பார்த்து டிங்கர் மறுபடி வெட்டினார். நன்றாகவே வந்தது. சொன்னாலொழிய யாருக்கும் தெரியாது. சிக்கல் அங்கேதான். பேரேட்டுப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: பிற்கால மாற்றங்கள் எவை, யாரால்?

"எழுதாம உட்டா அவனுக்கு எப்படித் தெரியும்? பிளேன் புடிச்சி வந்தா பாக்கப் போறான்?" என்றார் மனைவி. எனக்கும் அதுதான் தோன்றியது, வெட்கத்தோடு சொல்கிறேன். எழுதினால் 'அசல்' போய்விடும்.

எதிர்வீட்டுக்காரர் படிவத்தை எடுத்து அந்தக் கட்டத்தை மறுபடி படித்தார். பிறகு என் பக்கம் தள்ளி, பேனாவின் மூடியைக் கழற்றி வைத்தார். "எழுதுங்க சார். பொய்யா ஒரு பேப்பரு வாங்கி மாட்டிக்கிட்டா பொண்ணுங்க சொல்றதுதான் நெசம்னு ஆயிடும்."

ஆறு வெட்டுகளும் தொழிற்சாலையில் போட்டவை, ஓர் ஆய்வாளரின் தவறான ஆலோசனையால் புதுச்சேரியில் அடைக்கப்பட்டு மீண்டும் வெட்டப்பட்டன என்று பள்ளியில் படித்த பிரெஞ்சில் எழுதினேன். அவர் வாங்கிப் படித்தார்.

"ஓர் ஆய்வாளர்னா? ஊர்ல எத்தனையோ பேரு கீறாங்க. பேரப் போடுங்க."

போட்டேன்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. அசல், பானெட்டின் பக்கங்கள் நீங்கலாக. அதற்குக் கீழே காரணம் என்ற இடத்தில் என் பெயர், ஓர் எழுத்துகூடப் பிசகாமல். அவர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். போகும்போதெல்லாம் அதற்கு முதுகு காட்டும் நாற்காலியைத்தான் நான் தேடுவேன். அவர் மனைவி ஒவ்வொரு முறையும் அதற்கு நேர் எதிரே இருக்கும் நாற்காலியைத்தான் எனக்கு இழுத்துப் போடுவார்.