மனாங் டெல்சா வெட்டிய ஜன்னல்

எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்த குழந்தைக்கு எப்படிப் பூஜ்யம் கிடைக்கும்?

மனாங் டெல்சா, அதாவது டெல்சா அக்கா, இப்படிக் கேட்டபோது நான் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அவருடைய டிரைசிக்கிளில் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் நீட்டிய தாளை மேலும் கீழும் இரண்டு முறை படித்தேன். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தேன்.

"பன்னெண்டு வருஷம் ஸ்கூலுக்குப் போயும் இது தெரியலையா இந்தை? அப்புறம் எதுக்கு நான் என் பொண்ண அங்க சேக்கணும்னு அலையறேன்?" என்றார். எங்கள் ஊரில் சின்னப் பெண்களை 'இந்தை' என்றுதான் கூப்பிடுவோம்.

எங்கள் ஊர், எங்கள் தீவின் இலோயிலோ நகரத்துக்கு மேற்கே, கடலோரத்தில் இருக்கிறது. இங்கே அறுபது டிரைசிக்கிள்கள், அதாவது பக்கப்பெட்டி மாட்டிய வாடகை மோட்டார் சைக்கிள்கள், ஓடுகின்றன. அவற்றில் ஒன்றைத்தான் ஒரு பெண் ஓட்டுகிறார். மனாங் டெல்சாவின் கணவர் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார், பத்து மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். மற்ற நாளெல்லாம் அவர் கைப்பேசித் திரையில் ஒரு நெற்றியும் ஒரு மின்விசிறியுமாக மட்டுமே தெரிவார்.

மற்றவர்கள் தங்கள் வண்டியில் புனிதர்களின் பெயரை எழுதியிருப்பார்கள். மனாங் டெல்சா சட்டத்தை எழுதியிருந்தார். அந்த ஆண்டு மார்ச்சில்தான் மாற்றுத்திறனுள்ள மாணவர்களுக்கான புதுச் சட்டம் வந்திருந்தது. அதை முழுவதும் அச்செடுத்து, மழைக்கோட்டோடு சேர்த்து இருக்கைக்கு அடியில் வைத்திருந்தார். வண்டியின் பின்பக்கம், 'எந்தக் குழந்தையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது' என்று எழுதச் சொன்னார். எழுதியவர் எழுத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டார். 'அனுப்பக்' என்பதோடு பலகை முடிந்துபோனது. 'கூடாது' மட்டும் கீழே சக்கரத்தின் சேறுதாங்கியில் இறங்கியது. மழைக்காலத்தில் அந்த ஒரு சொல்தான் முதலில் சேற்றில் மறையும். மனாங் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் இறங்கி, துணியால் துடைத்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார்.

அவர் வண்டியில் ஏறியவர் சட்டத்தின் ஒரு பிரிவையாவது கேட்காமல் இறங்கியதில்லை.

"மனாங், நான் மீன் வாங்கத்தான் வந்தேன்."

"மீன் எங்கயும் போவாது. அது செத்துப்போச்சு. இதக் கேளு."

சட்டம் பேசும்போது அவர் இரண்டு கைகளும் கைப்பிடியில் இருக்கும். வழியில் யாராவது "மருந்துக்கடை எங்க?" என்று கேட்டால் கையை எடுக்காமல் உதட்டைக் குவித்து இடப்பக்கம் நீட்டிக் காட்டுவார். அதில் புதுமை ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். விரலை நீட்டிப் பேசுகிறவனைச் சண்டைக்கு வந்தவன் என்றுதான் நினைப்போம்.

அவர் மகள் ஜோசஃபீனுக்கு ஆறு வயது. வீட்டிலும் ஊரிலும் அவள் பிங்பிங். பிறந்ததிலிருந்தே அவள் கைகள் அவள் பேச்சைக் கேட்பதில்லை. ஒரு கோப்பையை எடுக்கப் போனால் கை மேசை முழுவதும் ஊர்வலம் சுற்றிவிட்டு, கோப்பையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வரும். பேச்சு ஒன்றிரண்டு சொல்தான், அதுவும் அம்மாவுக்குத்தான் புரியும். ஆனால் பக்கப்பெட்டியின் முன்னிருக்கையில் துண்டால் கட்டி உட்கார வைத்தால் ஊரையே நடத்துவாள். புதிதாக வந்தவர்களுக்கு வீடு காட்டுவாள். யாருடைய ஆடு யாருடைய தோட்டத்தில் மேய்கிறது என்று போட்டுக்கொடுப்பாள். எல்லாம் உதட்டாலும் புருவத்தாலும்தான்.

தினமும் காலையில் வண்டி பள்ளி வாசலைத் தாண்டும்போது அவள் உதடு பள்ளிக்கூடத்தைக் காட்டி நீளும். ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டும் என்று புத்தகப் பையை ஜூனிலேயே மாட்டிக்கொண்டாள். குளிக்கும்போதுகூடக் கழற்ற விடவில்லை. பை இரண்டு முறை துவைக்கப்பட்டது, அவளோடு சேர்ந்து.

சேர்ப்பதற்கு முன்னால் மதிப்பீடு நடக்க வேண்டும். அதற்காக மாவட்ட அலுவலகத்திலிருந்து துபாஸ் மேம் ஒரு வாரம் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தார். பெற்றோர் வெளியே காத்திருக்க வேண்டும் என்றார்கள். உள்ளே இருபத்திநான்கு அட்டைகள், ஒவ்வொன்றிலும் நான்கு படங்கள். "சாப்பிடுவது எது? காட்டு." "மழையில் பிடிப்பது எது? காட்டு." அரைமணி நேரத்தில் பிங்பிங் பெருமையாகச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

மறுநாள் தாள் வந்தது. இருபத்திநான்கு கட்டத்திலும் 'பதில் இல்லை' என்று எழுதியிருந்தது. கீழே பரிந்துரை: இந்தப் பள்ளியில் வேண்டாம், நகரத்தில் உள்ள சிறப்பு மையத்தில் சேர்க்கலாம். அந்த மையம் நல்ல இடம்தான், குறை சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் போக இரண்டு மணி, வர இரண்டு மணி. மனாங் வண்டியை விற்க வேண்டும். பிங்பிங்குக்குத் தெரிந்த ஒரு குழந்தைகூட அங்கே இருக்காது. பள்ளி திறக்கப் பதினோரு நாள்தான் இருந்தது.

அன்று மாலையே மனாங் வீட்டு மேசையில் எதையெதையோ பரப்பி பிங்பிங்கிடம் கேட்டுப் பார்த்தார். கரண்டி எது, குடை எது, அப்பா எங்கே. எல்லாவற்றையும் சரியாகக் காட்டினாள். அப்பாவுக்கு மட்டும் கைப்பேசியைக் காட்டினாள்.

"என் பொண்ணு நாள் முழுக்க பதில் சொல்றவ. கேக்காததுக்கும் சொல்லுவா. அங்க போயி மட்டும் ஏன் சொல்லல?"

அப்போதுதான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். பதில் தெரியாத குற்றத்துக்காக நான் துபாஸ் மேமுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மறுபரிசீலனை வேண்டும், முடிவெடுக்கும்போது பெற்றோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது என்பதை மூன்று இடத்தில் அடிக்கோடிட்டேன்.

மறுநாள் காலையில் மூவரும் பள்ளிக்குப் போனோம். வாசலில் காவலாளி பெர்டிங் அண்ணன், எங்கள் பேச்சில் நோங் பெர்டிங், கண்ணுக்குக் கீழே எல்லாவற்றையும் முகக்கவசத்தால் மூடிக்கொண்டு நின்றார். கொரோனா அடங்கி வந்த நேரம், பள்ளி வளாகத்துக்குள் அப்போது அது கட்டாயம். டிரைசிக்கிளில் அதே கவசம் எங்கள் தாடையில்தான் தொங்கும்.

"நோங், துபாஸ் மேம் இன்னிக்கு எந்த ரூம்ல இருக்காங்க?"

நோங் பெர்டிங் அசையாமல் பார்த்தார்.

"உங்களத்தான் நோங். எந்த ரூம்?"

மறுபடியும் பேச்சில்லை. தலை மட்டும் ஒரு நூல் அளவு திரும்பியது.

"என்னய்யா இது, வாழைமரம் நட்ட மாதிரி நிக்கறீங்க? காது கேக்கலையா?"

"ரெண்டு தடவ சொல்லிட்டேன் மனாங்! இன்னும் எத்தன தடவ சொல்றது?"

"எப்ப சொன்னீங்க? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா? பிள்ளைங்க படிக்கற இடம் இது!"

நோங் பெர்டிங்குக்கு ரோஷம் வந்துவிட்டது. கவசத்தைக் கீழே இழுத்தார். உள்ளே அவர் உதடுகள் குவிந்து, கடைசி அறையைப் பார்த்து நீண்டபடியே இருந்தன.

 மனாங் டெல்சா அந்த உதட்டைப் பார்த்தார். பிறகு பிங்பிங்கைப் பார்த்தார். பிங்பிங் காவலாளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தை, அந்தக் கடுதாசிய மடிச்சு வை. வா" என்று மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

துபாஸ் மேம் கவசத்தை ஒரு காதில் தொங்கவிட்டு, காப்பியில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மேம், உங்க குடை எங்க?" என்றார் மனாங். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

மேம் வாய் நிறைய ரொட்டியோடு, உதட்டைக் குவித்து மூலையைக் காட்டினார்.

"இப்ப அந்த மாஸ்க்கப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவ சொல்லுங்க மேம்!"

துபாஸ் மேம் மெல்லுவதை நிறுத்தினார். குடையைப் பார்த்தார். பிங்பிங்கின் கைகளைப் பார்த்தார். ரொட்டித் துண்டு காப்பிக்குள் மூழ்கியது.

"ஐயோ சாமி" என்றார். "நான் கையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். கை எங்கெங்கயோ போச்சு. ஒவ்வொரு கேள்விக்கும் மாஸ்க் துருத்துச்சு. மூச்சு வாங்குதுன்னு நெனச்சேன்."

"மூச்சு இல்ல மேம். பதில்."

மேம் கெட்டவர் இல்லை. ஆனால் விதிகள் தெரிந்தவர். அதே சோதனையை உடனே மறுபடி வைக்கக் கூடாது, ஆறு மாதம் ஆக வேண்டும் என்றார். அட்டைகள் மனப்பாடம் ஆகிவிடுமாம்.

"முதல் தடவ நடந்தா தானே மேம் ரெண்டாவது தடவ? அவ சொன்னா, நீங்க பாக்கல. பாக்காத தேர்வு எப்படித் தேர்வாகும்? சட்டத்த எடுக்கட்டுமா? வண்டியிலதான் இருக்கு."

"வேணாம், வேணாம். நேத்து உங்க வண்டியிலதான் வந்தேன், மூணு பிரிவு கேட்டாச்சு." மேம் பேனாவை எடுத்து, பழைய தாளின் குறுக்கே 'செல்லாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "அலமாரியில இன்னொரு செட் அட்டை இருக்கு. அத வச்சுப் பாப்போம். இந்தத் தடவ நீங்களும் உள்ள உக்காருங்க. ஆனா மாஸ்க் இல்லாம ரூமுக்குள்ள விட முடியாது. அது மேலிடத்து உத்தரவு. அதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது."

மனாங் பிங்பிங்கின் கவசத்தைத் தொட்டுப் பார்த்தார். "மாஸ்க்ல ஜன்னல் வைக்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்கா?"

"ஜன்னலா?"

மனாங் வெளியே ஓடினார். டிரைசிக்கிளின் பக்கப்பெட்டியில் மழைக்காகத் தொங்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் திரையை, நோங் பெர்டிங்கிடம் கத்தரிக்கோலும் ஊசிநூலும் வாங்கி, ஒரு உள்ளங்கை அளவுக்கு வெட்டினார். பிங்பிங்கின் கவசத்தில் வாய் இருக்கும் இடத்தை வெட்டி எடுத்து, அந்தத் துண்டை வைத்துச் சுற்றிலும் தைத்தார். பிங்பிங் அதைப் போட்டுக்கொண்டு கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பலகாரம் மாதிரி சிரித்தாள்.

முதல் அட்டை. உதடு நீண்டது. இரண்டாம் அட்டை. ஜன்னல் முழுவதும் ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. உள்ளே பல் இருப்பதுகூடத் தெரியவில்லை.

"நிறுத்துங்க மேம்!" மனாங் கழுவும் இடத்துக்குப் போய், பாத்திரம் தேய்க்கும் சோப்பை ஒரு விரலில் தொட்டு வந்து, பிளாஸ்டிக்கின் உள்பக்கம் பூசித் துடைத்தார். மழையில் ஹெல்மெட் கண்ணாடிக்கு ஓட்டுநர்கள் செய்வதுதான். பிறகு ஆவி படியவில்லை. பிங்பிங் மட்டும் முகத்தைச் சுளித்தாள். எலுமிச்சை சோப்பு.

மேம் இப்போது கையைப் பார்ப்பதை விட்டு முகத்தைப் பார்த்தார். இடது மேல், வலது கீழ், வலது மேல். பேனா ஓடிக்கொண்டே இருந்தது. நான் மூலையில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன், எண்ணிக்கையைத் தவறவிட்டு மறுபடி தொடங்கினேன். மனாங் தன் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். தப்பித்தவறி அது எங்காவது நீண்டுவிட்டால் மகளுக்கு விடை சொன்னதாகிவிடும் அல்லவா?

கடைசிக்கு முந்தின அட்டையில், "தண்ணீரில் போவது எது?" என்று கேட்டார் மேம். படகு, பன்றி, நாற்காலி, சட்டை. பிங்பிங் யோசிக்காமல் பன்றியைக் காட்டினாள்.

மேம் தவறு என்று குறித்தார்.

"அது தப்பில்ல மேம்" என்றார் மனாங். "போன புயல்ல எங்க பன்னி முற்றத்துலேருந்து தேவாலயம் வரைக்கும் நீந்திப் போச்சு. படகு அங்கேயே கவுந்து கெடந்துச்சு. கண்ணால பாத்ததத்தான் சொல்றா."

துபாஸ் மேம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்பறேன் மனாங். ஆனா உங்க பன்னிக்கு என் தாள்ல கட்டம் இல்ல." அதைத் தவறாகவே விட்டார். மனாங்கும் அதற்கு மேல் சட்டம் பேசவில்லை.

இருபத்திநான்கில் இருபத்தொன்று.

பிறகு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பிங்பிங்குக்கான கல்வித் திட்டத்தை எழுதினார்கள். வாரம் இரண்டு நாள் கைகளுக்குப் பயிற்சி. எழுதுவதற்குப் பதில் படம் ஒட்டிய பலகை. முதல் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, மனாங் சொல்லச் சொல்ல மேம் ஒரு வரி எழுதினார்: 'இவள் உதட்டால் காட்டுவாள். கேள்வி கேட்பவர் முகத்தைப் பார்க்கவும்.'

பள்ளி திறந்த அன்று பிங்பிங் ஒன்றாம் வகுப்பின் முதல் வரிசையில், பையைக் கழற்றாமல், ஜன்னல் கவசத்தோடு உட்கார்ந்தாள். பத்து மணிக்குள் பக்கத்தில் இருந்த பையன் மேசைக்கு அடியில் மிட்டாய் தின்பதை டீச்சருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டாள். அந்தப் பையனின் அம்மா சாயங்காலம் மனாங்கிடம் முறையிட்டாள். மனாங் அப்படி ஒரு பெருமையோடு யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

வண்டித் திரையில் அந்த ஓட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. மழை பெய்தால் அந்தப் பக்கம் உட்காருகிறவரின் இடது முழங்கை நனையும். "மனாங், இத ஒட்டக் கூடாதா?" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதை முழுவதும் கிடைக்கும், இறங்கும் இடம் தாண்டிப் போனாலும். நான் ஆறு முறை கேட்டிருக்கிறேன்.

உங்கள் முழங்கை நனையாமலே இதைப் படித்துவிட்டீர்கள். அதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். கையில் தாளும் பேனாவுமாக ஒரு குழந்தைக்கு எதிரே உட்காரப் போகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், அவர் குனிந்து எழுதத் தொடங்குவதற்கு முன்னால் இந்தக் கதையை அவருக்குச் சொல்லிவிடுங்கள்.