டிக் அடித்த பதினாறு மாத்திரைகள்

வருவாய்த் துறையில் இருந்தவரை, ஓர் இணைப்பு குறைந்தாலும் மனுவைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அதற்காக மக்கள் எனக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. அப்படிப்பட்டவன் ஏமாந்தது, ஃபிரிட்ஜ் கதவில் நானே ஒட்டிய ஒரு தாளைப் பார்த்து.

என் மனைவிக்குச் சர்க்கரை உண்டு. கொல்லையில் முள் குத்திய கால், கணுக்கால் வரை சிவந்து வீங்கியது. குடவாசலில் ஒரு பெண் டாக்டரிடம் காட்டினோம். பென்சிலின் போட்டு எப்போதாவது தடிப்போ மூச்சுத் திணறலோ வந்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றோம். சிறுநீரகப் பரிசோதனைத் தாளையும் வாங்கிப் பார்த்தார். முறையாக நடக்கும் இடத்தைப் பார்த்தால் எனக்கு மனம் குளிரும். செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார்: ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, ஏழு நாள், மொத்தம் இருபத்தெட்டு.

"நல்லாயிட்டுதுன்னு நீங்களா நிறுத்திடாதீங்கம்மா. சர்க்கரைக் கால்" என்றார்.

இருபத்தெட்டு கட்டம் போட்டு ஒட்டினேன். விழுங்கியதும் டிக். தினமும் காலையில் பார்வையிட்டேன். நாலாம் நாள் எனக்கு எழுபது வயது சாந்தி. திருக்கடையூர் போய் வந்தோம். அன்றைக்கும் நாலு டிக். ஏழாம் நாள் தாள் நிறைந்தது. எட்டாம் நாள் சிவப்பு முழங்காலை நோக்கி ஏறியது, காய்ச்சலோடு.

"மாத்திரை எல்லாம் போட்டாங்களா?" என்றார் டாக்டர்.

தாளை நீட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை. என் மனைவியின் முகத்தையே பார்த்தார்.

"திருக்கடையூர்ல கலசத் தண்ணி ஊத்துற வரைக்கும் வெறும் வயித்தோட இருக்கணும்னாங்க. சாயங்காலம் பாத்தா வீக்கமும் வத்திடுச்சு" என்றாள் அவள். "என் தம்பி பொண்டாட்டி அங்க தும்மிக்கிட்டே இருந்தா. மீதி பதினாறையும் தாம்பூலப் பையில போட்டுக் குடுத்துட்டேன்."

"அப்ப டிக்கு?" என்றேன்.

"போடலன்னா நீங்க கத்துவீங்களே."

களத்துக்கே போகாமல் எழுதிய பதிவேடுகளை வருஷக்கணக்கில் பிடித்தவன் நான். என் வீட்டில் ஒன்று, அதுவும் நானே வகுத்த படிவத்தில்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "கிருமி தன்னைச் சுத்தி ஒரு சுவர் கட்டிக்கும். இந்த மருந்து அதைச் சரியா கட்டவிடாது. உள்ள அழுத்தம் தாங்காம கிருமி வெடிச்சிடும். நம்ம உடம்பு செல்லுக்கு அந்தச் சுவரே கிடையாது, அதனால அதை விட்டுடும். வேளை தவறினா மருந்து குறைஞ்சுடும், மிச்சமிருக்கிற கிருமி மறுபடி கட்ட ஆரம்பிச்சிடும். சளி பெரும்பாலும் வைரஸ். அதுக்கும் இந்தச் சுவர் கிடையாது, மருந்து வேலை செய்யாது. அவங்களுக்கு பென்சிலின் ஒத்துக்காதுன்னா இதுவும் ஆபத்தா முடியலாம். கேட்டீங்களா?"

யார் கேட்டார்கள்? அங்கேயே போன் போட்டேன்.

"நாலு போட்டேண்ணே. நாலு நாள்ல சளி போயிடுச்சு!" என்றாள் மைத்துனன் மனைவி. "மீதியை எதுத்த வீட்டு அம்மாவுக்குப் பல்வலிக்குக் குடுத்தேன். நல்ல மாத்திரைண்ணே, பேர் என்ன?"

"முதல்ல அந்தம்மாவை நிறுத்தச் சொல்லி டாக்டர்ட்ட அனுப்பு. பேரெல்லாம் எதுக்கு?"

"ஏண்ணே கோவப்படுறீங்க? அண்ணி ஆசையா குடுத்தது."

திருவாரூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதே வகை மருந்து, இம்முறை நரம்பு வழியாக. சிவப்பின் விளிம்பைச் சுற்றி அங்கிருந்த டாக்டர் பேனாவால் ஒரு கோடு போட்டார். கோட்டைத் தாண்டினால் காலைக் கிழித்துச் சீழ் எடுக்க வேண்டியிருக்கும், காலையே எடுக்கும் நிலை வராது என்று இப்போது சொல்ல முடியாது என்றார். எத்தனையோ வயல்களுக்கு எல்லை அளந்திருக்கிறேன். எந்தக் கோட்டையும் இவ்வளவு பயத்தோடு பார்த்ததில்லை. முதல் நாள் சிவப்பு கோட்டிலேயே நின்றது. இரண்டாம் நாள் காலை ஒரு விரல் உள்ளே வாங்கியிருந்தது. நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டாராம்.

வீட்டுக்கு மறுபடி மாத்திரையோடுதான் அனுப்பினார்கள். ஃபிரிட்ஜ் கதவில் இப்போது தாள் இல்லை. வேளைக்கு வேளை டம்ளரோடு நானே எதிரில் நிற்கிறேன். காலி அட்டை என் சட்டைப் பையில்.

"வாயைத் திறன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள் நேற்று.

சொன்னேன். முறைத்துக்கொண்டே திறந்தாள்.