ரத்தக்கா அழித்த ரயில்பாதை

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ரத்தக்கா என்று பேர். இருபத்திரண்டு வருஷமாக வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற லேப் டெக்னீஷியனை வேறு எப்படிக் கூப்பிடுவார்களாம்? அவளைக் கண்டதும் குழந்தைகள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிவார்கள். பெரிய பெரிய மீசைக்காரர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "முடிஞ்சுதாம்மா?" என்று ஊசி தொடுவதற்கு முன்னாலேயே கேட்பார்கள். அவளுக்கு அதெல்லாம் பழகிப்போன சங்கதி. வலிக்காமல் குத்துவதில் அவளை அடித்துக்கொள்ள அங்கே ஆள் கிடையாது.

லேபில் அவளுக்கு ஒரே ஒரு கொள்கை. சந்தேகமான ரத்தத்தோடு மல்லுக்கட்டக் கூடாது. குழாயில் ரத்தம் கட்டி தட்டியிருக்கிறதா, மேலே ஒட்டின லேபிள் கிழிந்திருக்கிறதா, கொட்டிவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டியதுதான். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் யாராவது, "கொஞ்சம்தானே கட்டியிருக்கு, பாத்துக்கலாமே" என்று இழுத்தால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். "பாத்துக்கலாம்கிற பேச்செல்லாம் உங்க வீட்டு அடுப்படியில வச்சுக்கோ. இங்க கொட்டு" என்பாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதே கொள்கையை வீட்டுக் கம்ப்யூட்டரிடம் காட்டியதில்தான் வம்பு வந்தது.

அந்தக் கம்ப்யூட்டருக்கும் அவள்தான் டாக்டர். அவள் புருஷன் கிரேன் ஆபரேட்டர். நாற்பது டன் இரும்பை முட்டையை வைக்கிற பதமாக இறக்கி வைப்பார். ஆனால் திரையில் ஒரு பெட்டி தோன்றி 'ஓகே'வா 'கேன்சலா' என்று கேட்டுவிட்டால் போதும், "ஏம்மா, இங்க கொஞ்சம் வாயேன்" என்று குரல் கொடுப்பார். கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு. புது விண்டோஸ் அதில் ஏறாது என்று ஆகிவிட்டது. லேபில் ரத்த அணுக்களை எண்ணுகிற மெஷினைப் பழுதுபார்க்க வரும் என்ஜினியர்தான், "இந்த மெஷினே லினக்ஸ்லதான் ஓடுது மேடம். உங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மட்டும் என்ன கேடு?" என்று கேட்டார். ரத்தக்கா ஒரு லீவு நாளில் உட்கார்ந்து, விண்டோஸைத் தூக்கிவிட்டு அதற்குப் பதிலாக லினக்ஸை ஏற்றினாள். திட்டிக்கொண்டேதான் ஏற்றினாள், ஆனால் ஏற்றிவிட்டாள்.

அடுத்த வருஷம் புருஷன் கிரேன் ஏணியிலிருந்து கால் வழுக்கி விழுந்தார். இடுப்பும் வலது தொடையும் முறிந்தன. பதினான்கு மாதம் படுக்கை. முதல் இரண்டு மாதம் மனிதர் மல்லாந்தபடி கூரையைப் பார்த்துக் கிடந்தவர்தான், கேட்டதற்கு 'ம்' என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. உடம்பு தேறிவிடும் என்று அவளுக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் தினமும் எத்தனை எலும்பு முறிவைப் பார்க்கிறாள். இந்த மௌனம்தான் அவளைப் பயமுறுத்தியது.

ஏதாவது செய்தாக வேண்டுமே என்று ஒரு ரயில் விளையாட்டை வாங்கிவந்தாள். வெறும் நிலத்தில் தண்டவாளம் போட்டு, ஸ்டேஷன் கட்டி, ரயில் விடுகிற விளையாட்டு. வாங்கின பிறகுதான் தெரிந்தது, அது விண்டோஸில் மட்டும்தான் ஓடுமாம். விடுவாளா? இரண்டு ராத்திரி படித்து வைன் என்ற மென்பொருளைப் பிடித்தாள். அது கம்ப்யூட்டருக்குள் ஒரு ஃபோல்டரை உண்டாக்கி, அதற்குள் ஒரு பொய் சி டிரைவ், பொய் மை டாக்குமென்ட்ஸ் எல்லாம் செட்டப் செய்து வைக்கும். விளையாட்டு அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டு, தான் விண்டோஸில்தான் இருக்கிறோம் என்று நம்பி ஓடும். ஏமாற்று வேலைதான், ஆனால் யாருக்கும் நஷ்டமில்லாத ஏமாற்று.

திரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் அவர் முதல் ஸ்டேஷனைக் கட்டிப் பெயரும் வைத்தார். 'திரும்பிப் படுத்தேன்' என்பது அந்த ஸ்டேஷனின் பெயர். அன்றைக்குத்தான் யாரும் பிடிக்காமல் அவராகவே ஒருக்களித்துப் படுத்திருந்தார். அப்புறம் 'உட்கார்ந்தேன்' வந்தது. 'நின்னேன்' வந்தது. 'நாலு அடி' வந்தது. யார் துணையும் இல்லாமல் முதல்முறை பாத்ரூம் போய்வந்த நாளில் 'பாத்ரூம் ஜங்ஷன்' திறப்பு விழா கண்டது. ஆறு பிளாட்பாரம், அந்த வரைபடத்திலேயே பெரிய ஸ்டேஷன் அதுதான். பதினான்கு மாதம் முடிவதற்குள் மொத்தம் அறுபத்தொரு ஸ்டேஷன். கடைசி ஸ்டேஷன் 'படிக்கட்டு'. அதைக் கட்டின மறுவாரம் வேலைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் புதிதாக எதுவும் கட்டவில்லை. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, ஒரு மணி நேரம் அந்த ரயில்கள் போவதையும் வருவதையும் பார்ப்பார், அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரம் ரத்தக்கா குறுக்கே போக மாட்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் சத்தம் போடாதே என்று வாயை மூடச் சொல்லுவாள்.

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. ஒரு சனிக்கிழமை அவளுக்கு லீவு. காலையில் கம்ப்யூட்டருக்கு அப்டேட் வந்தது, போட்டாள். எதற்கும் சரிபார்த்துவிடலாம் என்று ரயில் விளையாட்டைத் திறந்தாள். திரை முழுக்கக் கறுப்பு. உள்ளே எங்கோ ரயில் கூவுகிற சத்தம் மட்டும் கேட்கிறது, படத்தைக் காணோம். நாலு தடவை திறந்து மூடினாள். சத்தம் வந்தது, ரயில் வரவில்லை.

லினக்ஸ்காரர்கள் கூடிப் பேசுகிற தளத்தில் தேடினாள். இதே கறுப்புத் திரையால் அவதிப்பட்ட ஒருவருக்கு இன்னொருவர் பதில் எழுதியிருந்தார்: வைன் உண்டாக்கின அந்தப் பழைய ஃபோல்டரோடு போராடாதீர்கள், அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள், நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகிவிடும்.

இது அவளுடைய சொந்தக் கொள்கை அல்லவா! முன்பின் தெரியாத ஒருவர் வாயிலிருந்து அதைக் கேட்டதும் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கட்டளையைத் தட்டினாள். அந்தக் கட்டளை 'நிச்சயமா?' என்று கேட்காது, குப்பைத் தொட்டியிலும் போட்டு வைக்காது. ஃபோல்டர் போயே போய்விட்டது. அடுத்து, அதே ஆள் சிபாரிசு செய்த புதுக் கருவி ஒன்றை வைத்து, அவர் டிக் செய்யச் சொன்ன இடத்திலெல்லாம் டிக் செய்து, புது ஃபோல்டர் உண்டாக்கி, விளையாட்டை மறுபடி ஏற்றினாள்.

படம் வந்துவிட்டது. ரத்தக்கா கைதட்டினாள். பிறகுதான் கவனித்தாள், 'தொடர்க' என்ற பட்டன் மங்கிக் கிடந்தது. பழைய ஆட்டங்களின் பட்டியலைத் திறந்தாள். காலி.

சேமித்த ஆட்டங்கள் எங்கே இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், நூறு தடவை பார்த்திருக்கிறாள். அந்தப் பொய் சி டிரைவுக்குள், அந்தப் பொய் மை டாக்குமென்ட்ஸுக்குள். சி டிரைவையே அழித்தாயிற்று. அறுபத்தொரு ஸ்டேஷனையும் தன் கையாலேயே கொட்டிவிட்டாள்.

மணி இரண்டரை. அவர் வர இன்னும் அரை மணி. 'அப்டேட் அழிச்சிடுச்சு' என்று சொல்லிவிடலாமா என்று அவள் நிஜமாகவே யோசித்தாள். பாதி உண்மைதானே. ஆனால் லேபில் ரிப்போர்ட் தப்பாகப் போனால் 'என் தப்பு' என்று டாக்டர் முன்னால் போய் நிற்கிறவள் அவள். வீட்டில் மட்டும் வேறு ஆளாக மாற வரவில்லை. அதனால் உட்கார்ந்து அழுதாள்.

அவர் உள்ளே வந்ததும் பயந்துவிட்டார்.

"ஏம்மா, என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

"உங்க ரயில்... எல்லாத்தையும் அழிச்சிட்டேங்க. கம்ப்யூட்டர் இல்ல, நான்தான். என் கையாலதான் அழிச்சேன்."

அவர் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார். திரையைப் பார்த்தார்.

"எல்லாமா?"

"எல்லாம்."

"பாத்ரூமுமா?"

சிரிக்க வேண்டிய கேள்வி. அவளுக்கு அழுகை இன்னும் கூடிவிட்டது. அவர் பக்கத்தில் வந்து அவள் தலையில் கை வைத்தார்.

"சரி, விடு. போனா போகட்டும். அது படுத்துக் கிடந்தவன் கட்டினது. இப்ப நான்தான் நடக்கறேன்ல? இதுக்குப் போயி இப்படி அழுவாங்களா? முகத்தைக் கழுவு. நான் குளிச்சிட்டு வரேன்."

பாத்ரூம் கதவு சாத்தும் சத்தமும் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டன. ரத்தக்காவின் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. எப்பேர்ப்பட்ட மனுஷன், ஒரு வார்த்தை திட்டவில்லையே என்று நினைத்தாள். மூக்கைச் சிந்தினாள். அழுகை நின்றதும் தலை கொஞ்சம் வேலை செய்ய ஆரம்பித்தது. லேபில் ஒரு குழாய் காணாமல் போனால் அது இருக்க வேண்டிய ஸ்டாண்டில் மட்டுமா தேடுவார்கள்? ரூம் முழுக்க, ஃப்ரிட்ஜ் வரைக்கும் தேடுவார்கள். அவள் ஸ்டாண்டை மட்டும் பார்த்துவிட்டு ஒப்பாரி வைத்திருக்கிறாள். சேமித்த ஆட்டங்களின் கோப்புப் பெயர் எப்படி முடியும் என்று அவளுக்குத் தெரியும். அதைக் கொடுத்து, ஹார்ட் டிஸ்க் முழுக்கத் தேடச் சொன்னாள்.

மளமளவென்று வரிகள் விழுந்தன. பத்து, ஐம்பது, இருநூறு. கடைசிக் கோப்பில் போன சனிக்கிழமையின் தேதி.

அத்தனையும் லினக்ஸிலேயே இருக்கிற அவளுடைய சொந்த டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருந்தன. அவள் அதை எட்டிப் பார்த்ததே இல்லை, நம் எல்லோரையும் போல எல்லாவற்றையும் டவுன்லோட்ஸில் போட்டு வைக்கிற ஜாதி. விஷயம் இதுதான்: வைன் உண்டாக்கின மை டாக்குமென்ட்ஸ் வெறும் வழிகாட்டிப் பலகை. உள்ளே எதை வைத்தாலும் அது வீட்டுக்காரியின் நிஜ டாக்குமென்ட்ஸில் போய்த்தான் விழும். ரத்தக்கா பிடுங்கிப் போட்டது பலகையை மட்டும்தான். அவள் டிக் செய்த புதுக் கருவியோ வீட்டோடு ஒட்டாமல் எல்லாவற்றையும் தனியாக வைக்கிற ரகம், அதனால்தான் பட்டியல் காலி. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது அவளுக்கு.

"என்னங்க! சீக்கிரம் வாங்க! கிடைச்சிடுச்சு!" என்று பாத்ரூம் கதவைத் தட்டோ தட்டென்று தட்டினாள். தண்ணீர் அவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருந்ததை அவள் யோசிக்கவில்லை. அவர் காதில் சோப்போடு, இடுப்பில் துண்டோடு வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சோப்பு பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கோப்புகளைப் புது இடத்துக்கு நகலெடுத்தாள். 'தொடர்க' பளிச்சென்று ஆனது. அழுத்தினாள். வரைபடம் விரிந்தது, ரயில்கள் நகர்ந்தன.

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு மனிதர் கேவிக் கேவி அழுதார். ஏணியிலிருந்து விழுந்தபோது அழாதவர், பதினான்கு மாதப் படுக்கையில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர். ரத்தக்கா பதறிப்போய்விட்டாள்.

"என்னங்க இது! அதான் கிடைச்சிடுச்சே! போனா போகட்டும்னு அப்ப அப்படிச் சொன்னீங்க?"

அவர் துண்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ அழுதுகிட்டு இருந்தியேம்மா. ரெண்டு பேரும் உக்காந்து அழுதா, அதை யாரு தேடுறது?"