மேல்தெருவுக்குப் பத்து நிமிடம்

வால்வுக்காரர் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் அதுதான் வேலை. விடிவதற்கு முன்பே, நெஞ்சளவு நீளமுள்ள இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புவார். தெருமுனையில் குழியின் மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டுத் திருகினால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும். அரை மணி கழித்து மூடிவிட்டு அடுத்த தெரு.

"சோப்பு போட்டுட்டேன், மூடிடாதீங்க!" என்று ஜன்னல் வழியே யாராவது கத்துவார்கள்.

"கத்தற நேரத்துல ரெண்டு மக் ஊத்தியிருக்கலாம்" என்பார். ஆனால் மூட மாட்டார்.

மேல்தெரு மட்டும் இந்த அரை மணிக்குள் அடங்காது. மேட்டில் இருப்பதால் முதல் பத்து நிமிடம் குழாயில் காற்றுதான் வரும். அங்கே அவர் கடிகாரமே பார்த்ததில்லை. உச்சியில், கடைசி வீட்டு மாடிச் சுவரில் ஒரு வெள்ளை விரிப்பு தொங்கும். தெரு முழுக்கப் பிடித்தாயிற்று, மூடலாம் என்று அர்த்தம். விரிப்பைத் தொங்கவிடுகிறவள் அவருடைய அக்கா.

அம்மா இறந்தபோது அவருக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினாறு. அவரைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்தான். பிற்பாடு கணவனும் போய்ச் சேர, லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுத்து மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தாள்.

அவர் வேலையை விட்டு நகராட்சி கவுன்சிலர் தேர்தலில் நின்றபோது வீடு வீடாக ஏறி இறங்கியதும் அவள்தான். "என் தம்பிக்குப் பேச வராது. ஆனா யார் வீட்டுல டிரம் இருக்கு, யார் வீட்டுல ஒத்தை பக்கெட்டுதான் இருக்குன்னு அவனுக்குத் தெரியும்" என்பாள். அறுபத்தொரு ஓட்டில் ஜெயித்தார்.

ஜெயித்ததும் முதலில் போனது அந்தப் பெயர். பழகிய ஆட்கள்கூட 'ஐயா' என்றார்கள். சாவியைப் புதிய ஆளிடம் கொடுத்தாயிற்று. ஆனாலும் நாலு மணிக்கு விழிப்புத் தட்டிவிடும். எழுந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். "ஒண்ணு தூங்குங்க, இல்ல என்னையாவது தூங்க விடுங்க" என்பாள் மனைவி.

முதல் கூட்டத்திலேயே பொறியாளர் ஒரு அட்டவணை கொண்டுவந்தார். எல்லாத் தெருவுக்கும் சரியாக அரை மணி, ஒரு நிமிடம் கூடாது, குறையாது. "நீங்க இதே வேலை பார்த்தவர். நீங்க சொன்னா சரி" என்று தலைவர் இவர் பக்கம் திரும்பினார்.

மேல்தெருவுக்குப் பத்தாது என்று அவருக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் முதல் நாளே வாயைத் திறந்து அக்கா தெருவுக்குச் சலுகை கேட்டான் என்று பேச்சு வருமே. கையை முதலில் தூக்கியவர் அவர்தான். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

"உங்க அக்காவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள் மனைவி.

புதிய ஆள் கடிகாரத்தைப் பார்த்து மூடினான். அவனுக்கு உத்தரவு அப்படி. மேல்தெருவின் கடைசி வீடுகளில் நாலு பக்கெட் பிடிப்பதற்குள் குழாய் இருமி நின்றுவிடும். இரண்டு லாட்ஜுகள் அக்காவிடமிருந்து வேலையை எடுத்துவிட்டன.

அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து, மேட்டுக்குத் தண்ணீர் ஏற நேரம் பிடிக்கும், பத்து நிமிடம் கூட்டுங்கள் என்றார்.

"எந்தத் தெருவுக்கு? அக்கா தெருவுக்கா?" என்றார் எதிர்வரிசைக்காரர். சபை சிரித்தது. "அன்னைக்கு நீங்கதானே முதல்ல கை தூக்கினீங்க?"

அதற்கடுத்த கூட்டத்திலும் அதே கேள்வி, அதே சிரிப்பு.

அவருக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு நாள் காலையில் கீழ்த்தெருக் குழாயில் இரண்டு கேன் பிடித்து மேட்டில் தூக்கிக்கொண்டு ஏறினார். வழியில் ஒருத்தி செல்போனில் படம் எடுத்தாள். "ஓட்டுதான் போட்டாச்சே, இன்னும் எதுக்கு இந்த நடிப்பு?" என்றாள் இன்னொருத்தி. தேர்தலன்று அக்காவோடு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவள் அவள்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். "கீழ வைடா. எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும்."

"உனக்கென்ன, பார்க்கட்டும்பே. நீ ஜெயிக்கலைன்னா இந்தத் தெருவுக்குத் தண்ணி வந்திருக்கும், தெரியுமா? இப்ப நான் இங்க இருக்கறதால முப்பது வீடு காயுது."

"நான்தான்க்கா தப்புப் பண்ணிட்டேன்."

"தப்புதான். முழுத் தப்பு" என்றாள். ஆறுதல் சொல்கிற பழக்கம் அவளுக்கு என்றுமே கிடையாது. கேன்களை அவளே உள்ளே தூக்கிப் போனாள்.

மாதக் கடைசியில் வீட்டைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ்ஸில் பத்து மணி நேரம். அவரிடம் சொன்னது ஏறுவதற்கு முந்தின நாள்தான். "முட்டி வலிக்குதுடா, துவைக்க முடியல" என்றாள். அக்கா பொய் சொல்லி அவர் அதுவரை கேட்டதில்லை. மறுநாள் பஸ் வரைக்கும் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த கூட்டத்தில் மறுபடி எழுந்தார். எதிர்வரிசைக்காரர் காகிதத்தைப் புரட்டினார். "அங்க இப்ப உங்க சொந்தக்காரங்க யாரும் இல்லைல்ல? அப்ப ஆட்சேபணை இல்ல." இரண்டே நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் காலை அக்காவுக்குப் போன் செய்தார்.

"பாஸாயிடுச்சுக்கா. பத்து நிமிஷம்."

"எல்லா வீட்டுக்கும் வந்துச்சா?"

"வந்துச்சு. நீ கிளம்பி வந்துடு."

"வந்தா திரும்பவும் அக்கா தெருன்னு ஆயிடும். உனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்குல்ல?"

"ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்துடறேன்."

"வாயை மூடு. வீடு வீடா ஏறி இறங்கினது நானு." என்றாள். "இங்க நாள் பூரா தண்ணி வருதுடா. எனக்குத்தான் செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்துக்கறேன்."

"நானும்தான்" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலில் சத்தம். மேல்தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர், நன்றி சொல்ல வந்திருந்தார்கள். படம் எடுத்தவளும் இருந்தாள்.

"ஆள் வந்திருக்காங்க போல. போ, போய்ப் பாரு" என்று அக்காவே போனை வைத்தாள்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார்.