சாமி எடுத்துக் கொடுத்த தோட்டா

கார்த்திகை முதல் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோவையில் பஸ் ஏறினேன். அன்னூர், புளியம்பட்டி வழியாகச் சத்தியமங்கலம். நாற்பது மைலுக்குச் சற்று அதிகம், டிக்கெட் ஒரு ரூபாய் எழுபது பைசா. மடியிலிருந்த துணிப்பையில், சீமைக்குத் திரும்பிய எஸ்டேட் துரை ஒருவர் என் தகப்பனாருக்கு விற்றுவிட்டுப் போன கைத்துப்பாக்கி. உரிமம் இப்போது என் பெயரில். ஒரு சமயத்தில் ஒரு தோட்டாதான் போட முடியும். அடுத்ததைப் போடுவதற்குள் பன்றி மலையேறிவிடும், அல்லது நம்மேல் ஏறிவிடும். நானோ பம்பு செட்டு விற்கிறவன். அதுவரை நான் சுட்டு வீழ்த்தியதெல்லாம் காலி டப்பாக்கள்.

சத்தியமங்கலத்துக்கு வடக்கே, மலையடிவாரத்தில் விவசாயம் பார்க்கும் ரங்கசாமி என் பள்ளித் தோழர். அவருடைய கடலைக்காய்க் காட்டைக் காட்டுப்பன்றி ஒன்று தினமும் உழுது தின்றது. பகலில் பக்கத்துக் கரும்புக்குள் படுத்துக்கொள்ளும். அதைச் சுட என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்.

முதல்நாள் கோவையில் தோட்டாக் கடைக்காரர் துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுல பன்னிங்களா? சில்லறைக் குண்டு போட்டா பரவலாப் படுமுங்க, ஆனா அதுக்கு முதுகு சொறிஞ்சு உட்டாப்புலதான் இருக்கும். ஒத்தக் குண்டு போட்டா உழுகுமுங்க. பக்கத்துல போவோணும், எடம் பாத்து அடிக்கோணும்." முடிவு செய்ய முடியாமல் இரண்டு வகையிலும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குச் சத்தியமங்கலம். ரங்கசாமி மாட்டு வண்டியோடு நின்றார். ஊர் ஐந்து மைல். வழியெல்லாம் எந்தத் தோட்டா என்ற பேச்சுதான். வீட்டுக்குப் போனதும் அவர் ஒரே போடாகப் போட்டார். "நாம எதுக்குங்க மண்டைய ஒடச்சுக்கோணும்? சாமியக் கேட்டுப் போடலாமுங்க."

அந்தப் பக்கத்தில் கல்யாணமோ கிணறோ எதுவானாலும் பூக் கேட்காமல் தொடங்கமாட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன் வைத்துப் பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். ரங்கசாமி பூவுக்குப் பதில் தோட்டாக்களை இலையில் மடித்து ஊர்க் கன்னிமார் கோயிலில் சாமி முன் வைத்தார். பூசாரி கண்ணை மூடி எடுத்தது ஒற்றைக் குண்டு. இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாத எனக்கும் அப்போது அப்பாடா என்றிருந்தது.

கோயிலைவிட்டு இறங்கும்போதுதான் ரங்கசாமியின் மனைவி பழனியம்மாள் வாய் திறந்தார். "ஏனுங்ணா, ரெண்டு பொட்டலத்துலயும் தோட்டாவையே வெச்சா, சாமி வேண்டாம்னு எப்படிங்க சொல்லும்?"

ரங்கசாமிக்குச் சுருக்கென்றது. "இன்னொருக்காக் கேக்கலாமுங்களா?" என்று வாசலில் நின்ற பூசாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒருக்காக் கேட்டா கேட்டதுதானுங்க," என்றார் பூசாரி.

"எனக்கொண்ணும் பன்னி மேல பாசமில்லீங்ணா," என்றார் பழனியம்மாள். "காத்தால பத்துப் பொம்பளைகளக் கூட்டிட்டுக் கடலைக்காய் புடுங்கப் போறது நானுங்க. கரும்போரம் குனிஞ்சிருப்போம். அடிபட்ட பன்னி உள்ள கெடந்தா, மொதல்ல யாரு மேலீங்க பாயும்?"

பழனியம்மாள் கேட்டது நியாயம்தான். ஆனால் கடலைக்காயில் ஏற்கெனவே கால்வாசி போய்விட்டது; ரங்கசாமிக்குப் பன்றி சாகவேண்டும். அவருக்கும் நியாயம் இருந்தது.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஒற்றைக் குண்டைப் போட்டுக்கொண்டு நானும் ரங்கசாமியும் காட்டுப் பரண்மேல் ஏறினோம். வெளிச்சம் மங்கும்முன் பன்றி கரும்பைவிட்டு வந்தது, இருபதடி தூரத்தில். நான் நினைத்ததைவிடப் பெரியது. மூக்கால் மண்ணைக் கிளறி, வேரோடு கடலைச் செடியைத் தூக்கி, நிதானமாக மென்றது. குறி வைத்தேன். நன்றாக அடித்தால் விழும். கொஞ்சம் பிசகினால் இரண்டே எட்டில் கரும்புக்குள் போய்விடும்.

"போடுங்க," என்று ரங்கசாமி கிசுகிசுத்தார்.

எந்தத் தோட்டா என்றுதான் சாமி சொல்லியிருந்தது. எங்கே சுடவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. குழலைத் திருப்பிப் பன்றிக்கும் கரும்புக்கும் நடுவிலிருந்த மண்ணில் சுட்டேன். புழுதி பறந்தது. பன்றி கரும்பின் பக்கம் திரும்பாமல் நேரே மலையைப் பார்த்து ஓடியது. பள்ளத்தைத் தாண்டி அது மேட்டில் ஏறுவதை இருவரும் பார்த்தோம்.

"அட, தப்பிப்போச்சுங்களே!" என்று ரங்கசாமி தலையில் கை வைத்தார்.

மறுநாள் காலை பெண்கள் கரும்போரம் வரிசையாகக் குனிந்து கடலைக்காய் பிடுங்கினார்கள், பேச்சும் சிரிப்புமாக. பழனியம்மாள் எல்லோருக்கும் முன்னால் இருந்தார். பன்றி பிறகு திரும்பி வந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. பன்னிரண்டு மணிக்கு அவர் என் பையில் பச்சைக் கடலைக்காயைத் திணித்து அனுப்பினார். "வெசனப்படாதீங்க, எல்லாருக்கும் குறி தப்பறதுதானுங்க," என்று பஸ் ஏற்றும்வரை ரங்கசாமி எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த நல்ல மனிதரிடம் உண்மையைச் சொல்ல நா எழவில்லை.

திங்கட்கிழமை, மிச்சமிருந்த சில்லறைத் தோட்டாவைத் திருப்பிக் கொடுக்கக் கோவைக் கடைக்குப் போனேன்.

"ஏனுங்க, ஒத்தக் குண்டுதானுங்களே போட்டீங்க? உழுந்துச்சுங்களா?" என்றார் கடைக்காரர்.

"ஒருத்தரும் உழுகலீங்க," என்றேன்.